ஃபிரிடெரிக்கஸ் ரெக்ஸ்: ராஜா கதைக்கு ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

கேள்வி – பழையரீல்

வணக்கம் நண்பர்களே. 1922இல் வந்த ஜெர்மன் மௌனப்படம் 'ஃபிரிடெரிக்கஸ் ரெக்ஸ்', முதல் இரண்டு பாகம் பார்த்து முடித்தேன். இன்றைய ஜெர்மனியின் பகுதியாக இருந்த பழைய பிரஷ்ய நாட்டின் அரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் இளமைக்காலம். அப்பாவின் கொடுமை தாங்காமல் மகன் நாட்டைவிட்டு ஓடப் பார்க்கிறான், பிடிபடுகிறான், கூட இருந்த நண்பன் காட்டேயின் தலை போகிறது. எனக்கு இது குடும்பக் கதையாகத்தான் பட்டது. ஆனால் வெளியானபோது இடதுசாரிப் பத்திரிகைகள் படத்தைப் புறக்கணிக்கச் சொன்னதாகப் படித்தேன். எப்போதோ செத்துப்போன ராஜாவின் கதைக்கு ஏன் இவ்வளவு கோபம்?

பதில் – நிழலாட்டம்

முதலில் தேதியைப் பாருங்கள். 1922 ஜனவரி 31, பெர்லினில் முதல் காட்சி. ஜெர்மன் பேரரசர் கைசர் முடி இழந்து நான்கு வருஷம்கூட ஆகவில்லை. முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மன் ராணுவத்தை ஒரு லட்சம் பேருக்குச் சுருக்கியிருந்தது. அந்தச் சமயத்தில் திரையில் பிரஷ்யப் படை வரிசை வரிசையாகப் போகிறது, கீழே இசைக்குழு ராணுவ நடையிசையை முழங்குகிறது. மௌனப்படம்தான், அரங்கம் மௌனமாக இல்லை. கைதட்டினவர்கள் பழைய ராஜாவுக்கு மட்டும் தட்டவில்லை. ராஜாவே இல்லாத குடியரசுக்கு எதிராகவும் தட்டினார்கள். பத்திரிகைகளுக்கு அது நன்றாகவே புரிந்தது.

அப்புறம், குடும்பக் கதை என்கிறீர்களே, என்னைப் பொறுத்தவரை அரசியலே அங்கேதான் இருக்கிறது. வரலாற்றில் நடந்ததைச் சொல்கிறேன். ராணுவ நீதிமன்றம் காட்டேவுக்கு ஆயுள் சிறைதான் கொடுத்தது. அரசரான அப்பா அதை மாற்றி மரண தண்டனை ஆக்கினார். 1730 நவம்பர் 6, க்யூஸ்ட்ரின் கோட்டை. பதினெட்டு வயது இளவரசனை ஜன்னலருகே நிறுத்திப் பார்க்க வைத்தார்கள். அவன் அங்கிருந்து பிரெஞ்சில் நண்பனிடம் மன்னிப்புக் கேட்டான், பிறகு மயங்கி விழுந்தான். இப்படி உடைக்கப்பட்ட பையன் பணிந்துபோகிறான், 1733இல் அப்பா காட்டிய பெண்ணைக் கட்டுகிறான், 1740இல் அரியணை ஏறி 'மகா ஃபிரெடரிக்' ஆகிறான். 'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்பதை ஒரு நாட்டுக்கே பாடமாகச் சொல்கிற கதை இது. கலகம் செய்து பழக ஆரம்பித்திருந்த மக்களிடம், கடைசியில் பணிவதுதான் பெருமை என்கிறது. எனக்கு இன்றைக்கும் இது உறுத்துகிறது.

பதில் – வெள்ளித்திரை

நடிகரை விட்டுவிட்டீர்களே! ஃபிரெடரிக்காக நடித்த ஓட்டோ கெபூரின் முகத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மென்சல் என்ற ஓவியர் வரைந்த படங்கள் வழியாகத்தான் ஜெர்மானியர்களுக்கு இந்த அரசர் அறிமுகம். கெபூர் அந்தப் படங்களிலிருந்து இறங்கி வந்தவர் போலவே இருப்பார். 1942இல் நாஜி ஆட்சியில் எடுத்த படம்வரை அதே வேஷத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார்.

பழையரீல்

நன்றி. ஒரு சந்தேகம். அப்பாவாக வருபவரைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வந்தது, மரியாதை வரவில்லை. மீதி இரண்டு பாகத்தையும் பார்க்கலாமா?

நிழலாட்டம்

அவர் ஆல்பர்ட் ஸ்டைன்ரூக். பயம் வந்தது என்றால் அவர் சரியாக நடித்திருக்கிறார் என்று அர்த்தம். 1913இல் மியூனிக்கில் 'வொய்ட்செக்' நாடகம் முதன்முதலில் மேடையேறியபோது வொய்ட்செக்காக நடித்தவர் இவர். மேலதிகாரிகளிடம் நசுங்கிப்போகிற ஏழைச் சிப்பாயின் பாத்திரம் அது. அதை உள்ளிருந்து அறிந்தவர் இங்கே சிப்பாய்களை நசுக்குகிற அரசராக வருகிறார். அவர் திரையில் இருக்கும்வரை கதை சொல்லவந்த பாடம் முழுசாக ஒட்டுவதில்லை. நம் மனசு மகன் பக்கமே நிற்கிறது. படத்தின் பலம் என்று நான் மதிப்பது அதைத்தான்.

மீதியையும் பாருங்கள். நடுவில் என்ன நடந்தது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 1922 ஜூனில் வெளியுறவு அமைச்சர் ராத்தெனாவ் வலதுசாரித் தீவிரவாதிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ஜெர்மனியின் தொழில் மையமான ரூர் பகுதிக்குள் நுழைந்தன. அந்த வருஷம்தான் பின்பாதி வந்தது. பிரான்ஸும் ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் சூழ்ந்து நிற்க பிரஷ்யா ஏறக்குறைய தனியாகச் சமாளித்த ஏழாண்டுப் போர்க் கதை அந்த நாளில் எப்படி உறைத்திருக்கும், யோசியுங்கள். போர்க் காட்சிகள் பிரமாண்டம்தான். ஆனால் ஸ்டைன்ரூக்கின் அரசர் செத்த பிறகு எனக்குப் படத்தில் பாதி உயிர் போய்விட்டது. உங்களுக்கு எப்படி இருந்தது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.