மறுமொழி: 'தரவு விலை' வேண்டாம், 'தரவொற்றி' என்போம்

> காசு கேட்காத சேவைக்கு எங்கள் தரவைக் கொடுப்பதற்கு 'தரவு விலை' என்று வைக்கலாமா?

தம்பி, விலை எனக்குச் சரிவரவில்லை. விற்ற காணிக்குள் பிறகு கால் வைக்கேலாது. இங்கே படமும் மடலும் என்னுடையவைதான். விளைச்சல் மட்டும் வேறொருவருக்குப் போகிறது. அதற்கு யாழ்ப்பாணத்தில் பழைய சொல் இருக்கிறது: ஒற்றி. ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த, யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையிலேயே இந்த வழக்கம் வருகிறது. காணி உறுதி எங்கள் பெயரில் இருக்கும், வாங்கிய காசுக்கு வட்டி கிடையாது, வட்டிக்குப் பதிலாகக் காசு தந்தவர் தேங்காயைப் பிடுங்கிக்கொள்வார். ஆகவே 'தரவொற்றி'.

நல்லூர்த் திருவிழாவுக்குப் போகேக்க கூகுள் மப்ஸ் பருத்தித்துறை வீதியைச் சிவப்பாகக் காட்டி, என்னை ஒரு ஒழுங்கையால் கொண்டுபோய் விட்டது. அந்தச் சிவப்பு, வீதியில் மாட்டுப்பட்டு நின்ற சனத்தின் ஃபோன்கள் தந்தது. அவர்கள் ஒற்றி வைத்தார்கள், நான் தப்பினேன். இரவு என் ஃபோன் கேட்டது: ஐந்து நிமிடம் நின்ற ஐஸ்கிறீம் கடைக்கு எத்தனை நட்சத்திரம்? மனுசிக்கே தெரியாத சங்கதி அது. (எனக்குச் சலரோகம்.)

ஒற்றியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தரத்துக்கு ஒற்றி வைக்காத குடும்பம் ஏது? எதை, எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாமல் வைக்கிறதுதான் பிழை.

> அண்ணை, சொல் நல்லாயிருக்கு. ஆனால் 'ஒற்றன்' காதில் விழுகிறானே? மற்றது, ஒற்றியை மீட்கலாம். ஜிமெயில் 2004 இல் வந்ததிலிருந்து விளம்பரத்துக்காக மடல்களைத் துழாவி, 2017 இல்தான் நிறுத்துவதாக அறிவித்தது. அந்த விளைச்சலை ஆர் மீட்டது?

ஒற்றன் விழட்டும், கேட்காமல் கிடைத்த பொருள். மீட்பு விசயத்தில், காணி திரும்பினாலும் பிடுங்கின தேங்காய் திரும்பாதே, தம்பி! எங்கள் இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதியிருப்பதும் அப்படித்தான்: சம்மதத்தை மீளப்பெறலாம், அழிக்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் மீளப்பெறுமுன் நடந்த பயன்பாடு செல்லும்.

இந்த உரிமைக்கு 'தரவு மீட்பு' என்று வைக்கப் பார்த்தேன். அதைப் பழுதான ஹார்ட் டிஸ்க் திருத்துகிற கடைக்காரர் எப்போதோ எடுத்துக்கொண்டார். 'ஒற்றி மீட்பு' என்றே விடுவமா?