லாஸ்ட் சிட்டி: பேர் இருந்து இடம் தெரியாத ஊருக்கு ஒரு சொல்

தேவகோட்டையிலிருந்து

கலைச்சொல் குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

எழுதிக்கொண்டிருக்கும் சாகச நாவல் ஒன்றுக்கு உங்கள் உதவி வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழம்பொருள் கடை. அங்கே விலைக்கு வந்த பேரேட்டின் அட்டைக்குள் ஓர் ஓலை நறுக்கு கிடைக்கிறது. கடல் வாணிகம் செழித்த பழைய பட்டினம் ஒன்றுக்கு அது வழி சொல்கிறது என்று நம்பி, தொல்லியல் ஆய்வாளர்கள் நாலு பேர் கிளம்புகிறார்கள். அந்தப் பட்டினத்தைப் பாட்டில் பாடியிருக்கிறார்கள், கதையில் சொல்லியிருக்கிறார்கள். கண்ணால் பார்த்தவர் யாருமில்லை.

இப்படிப்பட்ட ஊரை ஆங்கிலத்தில் ‘லாஸ்ட் சிட்டி’ என்று முடித்துவிடுகிறார்கள். என் கதையில் அகழாய்வு இயக்குநர் வாயில் பக்கத்துக்குப் பக்கம் வரவேண்டிய சொல் இது. ‘தொலைந்த நகரம்’ என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நம் பக்கத்தில் ‘தொலை’ என்பது திட்டுகிற வார்த்தை. மிஞ்சிப்போனால் பேருந்தில் குடையைத் தொலைத்தது ஞாபகம் வரும். ‘இழந்த நகரம்’ என்றாலோ எதிரியிடம் போரில் பறிகொடுத்ததாகப் பொருள் வருகிறது. கதை முழுக்கத் தாங்குகிற ஒரு சொல் வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை படித்தாலும் புரியவேண்டும், அகழாய்வுக்காரர் படித்தாலும் முகம் சுளிக்கக்கூடாது.

பள்ளத்தூரிலிருந்து

அம்மா, ‘மறைந்த நகரம்’ போதாதா? பத்திரிகைகளில் புழங்குகிற சொல்தானே. இலக்கியச் சாயல் வேண்டுமென்றால் ‘கடல்கொண்ட நகர்’ இருக்கிறது. கடல்கோள் என்பது நம்முடைய பழைய சொல். அதைவிட அழகாகப் புதிதாக ஒன்று செய்ய முடியுமா?

தேவகோட்டையிலிருந்து

ஐயா, ‘மறைந்த’ என்றதும் இறந்துபோனவர் பேருக்கு முன்னால் போடுகிற அடைமொழிதான் மனதில் வருகிறது. கடல்கொண்ட நகர் எனக்கும் பிடித்த சொல். ஆனால் என் கதையில் அந்த ஊர் கடலுக்குள் இல்லை. கடற்கரையெல்லாம் அலைந்து, கடைசியில் உள்நாட்டுக் கண்மாய் ஒன்றின் கரையடியில் கண்டுபிடிக்கிறார்கள். முதல் அத்தியாயத்திலேயே ‘கடல்கொண்ட’ என்று எழுதினால் வாசகரிடம் பொய் சொன்னதாகிவிடும்.

கானாடுகாத்தானிலிருந்து

தங்கச்சிக்கு,

நீ கடைசியாகச் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. ஊர் எப்படிப் போயிற்று என்பது தேடுகிறவனுக்குத் தெரியாது. தெரிந்துவிட்டால் பாதித் தேடல் முடிந்த மாதிரி. கடல்கொண்ட, மண்மூடிய, எரிந்த, கைவிட்ட என்பதெல்லாம் தோண்டி முடித்த பிறகு அறிக்கையில் எழுதுகிற சொற்கள். மண்வெட்டி படுவதற்கு முன்னால் சொல்லவேண்டிய சொல் இவற்றில் எதுவும் இல்லை.

அகழாய்வுக் குழியோரம் உட்கார்ந்து பதிவேடு எழுதியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். லாஸ்ட் சிட்டி என்ற ஆங்கிலச் சொல் இரண்டு வேறு சங்கதிகளை ஒரே பெட்டியில் போட்டு அடைக்கிறது. ஒரு வகையில் பேர் இருக்கிறது, இடம் தெரியாது. இன்னொரு வகையில் இடம் இருக்கிறது, பேர் தெரியாது. நாம் தமிழில் புதிதாகச் சொல் செய்வதென்றால் இந்த இரண்டையும் பிரித்துவிட்டுத்தான் செய்யவேண்டும்.

இரண்டாம் வகைக்குத் தூரமாகப் போகவேண்டாம், நம் மாவட்டத்துக் கீழடியே இருக்கிறது. தென்னந்தோப்புக்கு அடியில் கிடந்த மேட்டுக்கு ஊர்க்காரர்கள் சொன்ன பேர் பள்ளிச்சந்தைத் திடல். 2014-15-ல் இந்தியத் தொல்லியல் துறை முதலில் தோண்டியது, பிறகு மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்தது. செங்கல் கட்டுமானம் வந்தது, உறைகிணறு வந்தது, கரிமக் காலக்கணிப்பு கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரைக்கும் போனது. தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தைக் கீறிய பானையோடுகளும் வந்தன. ஆதன் என்றும் குவிரன் என்றும் ஓட்டில் படித்தோம். ஆள் பேர் கிடைத்துவிட்டது. இந்த ஊரை அந்த ஆதன் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டான் என்று சொல்ல ஓர் ஓடுகூட வரவில்லை. 2023-ல் திறந்த அருங்காட்சியகத்தை நம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள், போய்ப் பார்த்திருப்பாய். அந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றால் இந்தக் குறை நெஞ்சில் உறைக்கும். மொகஞ்சதாரோவும் அப்படித்தான். அத்தனை பெரிய நகரம், ஆனால் அந்தப் பேர் பின்னால் வந்தவர்கள் மேட்டுக்கு வைத்தது. இறந்தவர் மேடு என்று பொருள் சொல்வார்கள்.

உன் நாவல் முதல் வகை. இறையனார் களவியல் உரை சொல்லும் தென்மதுரையும் கபாடபுரமும் அந்த வகைதான். கிரேக்கக் கவி ஹோமர் பாடிய ட்ராய் நகரம் நெடுங்காலம் அப்படி இருந்தது. சேரநாட்டுத் துறைமுகமான முசிறியை இன்னும் முழுதாக அந்த வகையிலிருந்து வெளியே எடுக்க முடியவில்லை. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. கேரளத்தில் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் தோண்டி ஏராளமான பொருள்கள் எடுத்தார்கள், அதுதான் முசிறி என்று பலர் ஏற்றுக்கொண்டார்கள், மறுப்பவர்களும் உண்டு. உன் ஓலை நறுக்குக்கு ஒரு அண்ணன் முறையும் இருக்கிறது. ரியோ டி ஜெனிரோ நூலகத்தில் இருக்கும் பழைய கையெழுத்துப் பிரதி ஒன்று பாழடைந்த நகரத்தைப் பற்றிச் சொல்கிறது. அதில் மனம் பறிகொடுத்தவர்களில் ஆங்கிலேயப் பயணி பெர்சி ஃபாசெட் ஒருவர். தான் தேடிய ஊருக்கு ‘இசட்’ என்று தானே பேர் வைத்துக்கொண்டு, 1925-ல் மகனையும் மகனுடைய நண்பனையும் கூட்டிக்கொண்டு பிரேசில் காட்டுக்குள் போனார். மூன்று பேரும் திரும்பவில்லை.

இரண்டையும் ஏன் பிரிக்கச் சொல்கிறேன் என்றால், ஆபத்து வருவதே இவை ஒன்றோடொன்று ஒட்டுகிற இடத்தில்தான். கையில் ஒரு பேரை வைத்துக்கொண்டு அலைகிறவன், பேரில்லாத ஒரு மேட்டைக் கண்டதும் பேரை அதன்மேல் ஒட்டிவிடுவான். அமெரிக்க ஆய்வாளர் ஹிராம் பிங்ஹாம் 1911-ல் பெருவில் தேடிப்போனது இன்கா அரசர்களின் கடைசித் தலைநகரான வில்கபாம்பாவை. மாச்சு பிச்சுவைப் பார்த்தவர், அதுதான் வில்கபாம்பா என்று கடைசிவரை சாதித்தார். ஆராய்ச்சியாளர்கள் பின்னால் ஏற்றுக்கொண்ட வில்கபாம்பா, எஸ்பிரிட்டு பாம்பா என்ற இடம். அதே ஆண்டில் அங்கேயும் அவர் போயிருக்கிறார். காடு மண்டிய சில சுவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். உன் நாவலின் சண்டைக்கு இதைவிட நல்ல கரு கிடைக்குமா?

ட்ராயைத் தேடித் தோண்டிய ஜெர்மானியர் ஷ்லீமன் கதையும் இதைச் சேர்ந்ததுதான். துருக்கியில் ஹிசார்லிக் மேடுதான் ட்ராய் என்று நம்பியதில் அவர் தப்புச் செய்யவில்லை. மண் அடுக்கைப் பார்க்காமல் நடுவே பெரிய பள்ளமாக வெட்டிக்கொண்டு இறங்கினார். 1873-ல் தங்கம் கிடைத்ததும் ட்ராய் அரசன் பிரையத்தின் புதையல் என்று அறிவித்தார். அது ஹோமர் பாடிய ட்ராய்ப் போர் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முந்தியது. தேடிய காலத்து அடுக்கைத் தாண்டி, அதில் கொஞ்சத்தைச் சிதைத்தும்விட்டு, கீழே போயிருந்தார். அதனால்தான் குழியின் வெட்டுமுகத்தைக் கரணையால் வழித்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, வெயில் சாயும்போது பார்க்கச் சொல்லுவோம். அப்போது நிறம் பிரியும். மேலே உழுத மண், அதன்கீழ் சாம்பல் பாரித்த ஒரு பட்டை, அதற்கும் கீழே திமிசு போட்டு இறுக்கிய களிமண் தளம், பிறகு மனிதன் கை படாத கன்னிமண். ஒவ்வொன்றிலும் சீட்டுக் குத்தி எண் எழுதிய பிறகுதான் அடுத்த வெட்டு. உன் இயக்குநர் இந்தப் பழக்கத்தில் ஊறியவராக இருக்கட்டும். அவருடைய ஆட்கள் பேரை ஒட்ட அவசரப்படட்டும்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். முதல் வகைக்குக் கேள்விநகர் என்று வைக்கலாம். கண்டதில்லை, கேட்டதுண்டு. ‘கேள்விப்பட்ட ஊர்’ என்று யாரும் சொல்லுவோம். இரண்டாம் வகைக்குப் பெயரறியா நகர்.

எல்லையையும் இப்போதே போட்டுவிடவேண்டும். நகரத்தார் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்ததாகவும், பிறகு இளையாற்றங்குடி தொடங்கி ஒன்பது கோவில் பிரிவாக அமைந்ததாகவும் சொல்லிக் கேட்டு வளர்ந்தோம். வீட்டை இத்தனை உயரம் தூக்கிக் கட்டியதற்கு அந்தப் பட்டினத்தில் கடல் புகுந்த நினைவைக் காரணம் சொல்லும் பெரியவர்கள் உண்டு. இவை எல்லாம் கேள்வி. ஆனால் பூம்புகார் கேள்விநகர் ஆகாது. அதன் இடம் தெரியும், கீழையூரில் செங்கல் படகுத்துறையை அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். ஓர் ஊரைப் பற்றிய கதை எவ்வளவு பழையது என்பது கணக்கில்லை. அந்த ஊரின் மண்ணைக் காட்ட முடியுமா என்பதுதான் கணக்கு.

காரைக்குடியிலிருந்து

அண்ணன் பிரித்துக் காட்டியது நெடுநாள் குழப்பத்தைத் தீர்த்தது. ஆனாலும் வகுப்பறையில் நிற்கிறவள் என்பதால் தயக்கத்தைச் சொல்லியாகவேண்டும். என் மாணவர்களுக்குக் கேள்வி என்றால் வினாத்தாள். கேள்விநகர் என்று பலகையில் எழுதினால் ‘கேள்வி கேட்கிற ஊரா டீச்சர்?’ என்பார்கள். ஊர்ப்பக்கத்திலும் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்த்துக் ‘கேட்பார் கேள்வியில்லாமல் கிடக்கு’ என்கிறோம். அந்த நினைப்பும் குறுக்கே வரும். இத்தகைய ஊர்கள் பெரும்பாலும் ஏட்டில் இருப்பவைதானே? ‘ஏட்டுநகர்’ என்று வைத்தால் என்ன?

கானாடுகாத்தானிலிருந்து

ஆச்சி சொல்வது நியாயமான தயக்கம். ஏட்டுநகரை நானும் யோசித்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழி அதன் கழுத்தில் தொங்குகிறது. அந்தச் சொல்லைக் கேட்டதுமே இல்லாத ஊர் என்று தீர்ப்பாகிவிடும். ட்ராயைத் தேடியவனைப் பார்த்து ஊர் சொன்ன தீர்ப்பும் அதுதான். கலைச்சொல் இருக்கிறது என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. தேடி முடிக்கிறவரை நடுவில் நிற்கவேண்டும்.

கேள்வி அப்படி நிற்கும். உங்கள் மாணவர்களிடம் கேள்விஞானம் என்று சொல்லிப் பாருங்கள், வினா கேட்கிற ஞானம் என்று யாரும் எடுக்கமாட்டார்கள். பாட்டுக் கற்காமலே நன்றாகப் பாடுகிறவரை இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறோம். திருக்குறளில் கேள்வி என்று ஓர் அதிகாரமே உண்டு, அது செவிச்செல்வத்தைப் பேசுவது. கல்வெட்டுப் படிக்கிறவனுக்கு இன்னொரு சொல்லும் பழக்கம். சோழர் கல்வெட்டில் ‘திருவாய்க்கேள்வி’ வரும். அரசன் வாயால் சொன்னதைக் கேட்டு ஓலைக்குக் கொண்டுவரும் அதிகாரி அவர். வாய்ச்சொல் செவிக்கு வந்து, பிறகு ஏட்டுக்குப் போகிற வழி முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. பழைய ஊர்களும் அந்த வழியில்தான் நம்மிடம் வந்தன.

பள்ளத்தூரிலிருந்து

திருவாய்க்கேள்வியைச் சொன்ன பிறகு எனக்கு மறுப்பில்லை. ஒன்று மட்டும். சிற்றூராக இருந்தால் கேள்வியூர், துறைமுகமாக இருந்தால் கேள்விப்பட்டினம் என்று எழுதத் தடை இருக்கக்கூடாது. அகராதியில் கேள்விநகர் தலைச்சொல்லாக இருக்கட்டும்.

தேவகோட்டையிலிருந்து

அண்ணனுக்கும் ஆச்சிக்கும் ஐயாவுக்கும் நன்றி. சொல்லைக் கதைக்குள் இறக்கிப் பார்த்தேன். கண்மாய்க் கரையில் முதல் குழி போட்ட அன்று மாலை நடக்கிற பேச்சு:

“ஐயா, செங்கல் வரிசை தெரியுது. நம்ம கேள்விநகர் இதுதானே?”

“செங்கல் தெரியுது. அவ்வளவுதான் தெரியுது.”

“ஓலையில் இருக்கிற அடையாளம் அத்தனையும் பொருந்துதே, ஐயா.”

“இப்போதைக்கு இது பெயரறியா நகர். பதிவேட்டில் அப்படியே எழுது. அடியில் கன்னிமண் தட்டட்டும், அப்புறம் ஓலையை எடு.”

இயக்குநர் வாயில் சொல் உட்கார்ந்துவிட்டது. விளக்கம் எதுவும் சேர்க்காமலே இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பேச்சிலேயே வந்துவிட்டது. ‘தேடல்’ சேர்ந்து வரும்போது ஒற்று வருமா என்று மட்டும் சொல்லுங்கள்.

காரைக்குடியிலிருந்து

வரும். ‘கேள்விநகர்த் தேடல்’ என்று எழுதுங்கள். ‘பெயரறியா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஆகவே பின்னால் வல்லினம் வந்தால் மிகும்: பெயரறியாப் பட்டினம், பெயரறியாக் குடியிருப்பு. நகர் வரும்போது ஒற்று வேண்டாம். கேள்விநகரை எல்லா இடத்திலும் ஒரே சொல்லாகச் சேர்த்தே எழுதுங்கள். பிரித்தால் வினாத்தாள் பொருள் உள்ளே வந்துவிடும்.