ட்ரூபல் 7-ஐ விட்டு மாறும் வேலைக்கு ஸ்பிரிண்ட் சரிவருமா?

வடகரை:
எங்கள் கல்லூரி இணையதளம் இன்னமும் ட்ரூபல் 7-ல்தான் (தளத்தின் பக்கங்களை ஏற்றி நிர்வகிக்கும் இலவச மென்பொருளின் பழைய பதிப்பு) ஓடுகிறது. 2025 ஜனவரி 5-ஓடு அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது, இனி ஓட்டை தெரியவந்தாலும் ட்ரூபல் பாதுகாப்புக் குழு திருத்தம் தராது. ட்ரூபல் 11-க்குப் போவோம், வேலையை இரண்டு வார ஸ்பிரிண்டாக, அதாவது ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியை முடிக்கும் சிறு தவணைகளாகப் பிரித்துக்கொண்டு தேர்வு அறிவிப்புப் பகுதியை முதலில் முடித்து அலுவலகத்தார் கையில் கொடுத்துவிடுவோம் என்கிறேன். குழுவில் பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள்.

பழைய சர்வர்:
நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன் தம்பி. 7-லிருந்து மேலே போவது சாதாரண அப்டேட் இல்லை, வீடு மாறுவது மாதிரி. 2015-ல் 8 வந்தபோதே சிம்ஃபொனி என்ற பொது நிரல் தொகுப்பின் பாகங்களை வைத்து உள்ளே பெரும்பகுதியைத் திருப்பி எழுதிவிட்டார்கள், உங்கள் தீமும் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) சொந்த மாட்யூல்களும் (கூடுதல் வசதிக்கான நிரல்கள்) அப்படியே வராது. நான் இருந்த ஒரு வேலையில், ஆசிரியர் பெயரை முதலில் வெறும் எழுத்தாக வைத்திருந்துவிட்டு மூன்றாவது ஸ்பிரிண்டில் தனிப் பக்கத்துக்கான இணைப்பாக மாற்றினார்கள். அதுவரை ஏற்றிய பக்கங்களையெல்லாம் இரண்டு பேர் உட்கார்ந்து கையால் திருத்த வேண்டியதாயிற்று. எந்த வகைப் பக்கத்துக்கு என்னென்ன ஃபீல்ட் (பெயர், தேதி போன்ற தகவலுக்கான கட்டம்) என்பதை முழுசாக முடிவு செய்துவிட்டு அப்புறம் கட்டுங்கள்.

கயல்:
கையால் ஏற்றியதுதான் அங்கே தவறு, ஸ்பிரிண்ட் இல்லை. பழைய பக்கங்களைப் புதிய தளத்துக்கு ஏற்றும் மைக்ரேட் மாட்யூல் ட்ரூபலோடே வருகிறது. ஏற்றும் வேலையை ஸ்கிரிப்டாக (தானே ஓடும் நிரலாக) எழுதிவிட்டால் ஏற்றியதை ரோல்பேக் செய்து (திரும்ப நீக்கி), ஃபீல்டை மாற்றி, மறுபடி ஓட்டலாம். ஃபீல்ட் அமைப்பையும் யாமல் என்ற எளிய உரைக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் மென்பொருளில் வைக்கலாம், யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்பது அதிலேயே தெரியும்.

பழைய சர்வர்:
சரி, ரோல்பேக் செய்யும்போது அலுவலகத்தார் அதே பக்கங்களில் போட்ட திருத்தங்களும் சேர்ந்து போய்விடுமே, அதற்கு என்ன பதில்? அதோடு, பழைய கல்லூரித் தளம் என்றால் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய பக்கங்களும் இருக்கும். யூனிகோடாக்கும் ஸ்கிரிப்ட் நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் தமிழ் என்று நினைத்துக் குதறிவிடும், ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்க ஆள் வேண்டும்.

வடகரை:
அண்ணா, முதல் கேள்வி நியாயமானது. ஒரு பகுதியை அலுவலகத்திடம் ஒப்படைக்கும் நாளிலேயே அந்தப் பகுதிக்கான ஸ்கிரிப்டை நிறுத்தி, பழைய தளத்திலும் அந்தப் பகுதியைப் பூட்டிவிட வேண்டும், இதை நான் யோசித்திருக்கவில்லை. ஆனால் பாமினிக்காகத்தான் சீக்கிரம் கொடுக்கச் சொல்கிறேன். எழுத்து குதறிப்போனதைத் தேர்வுப் பிரிவில் இருப்பவர் முதல் மாதமே பார்த்தால் ஸ்கிரிப்டைச் சரிசெய்யலாம், எட்டாவது மாதம் பார்த்தால் எல்லாப் பக்கத்திலும் அதே கோளாறு இருக்கும்.

கயல்:
எல்லாம் முடிவாகட்டும் என்று காத்திருக்கிற மாதங்களில் பழைய தளம் திறந்துதானே கிடக்கிறது? 2014 அக்டோபர் 15-ல் வெளியாள் தரவுத்தளத்துக்குள் கட்டளை நுழைக்க வழிவிடும் ஒரு எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் ஓட்டைக்குத் திருத்தம் வந்தது, ஏழு மணி நேரத்துக்குள் போடாத தளங்களை உடைபட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ட்ரூபல் பாதுகாப்புக் குழுவே பிறகு அறிவித்தது. இன்றைக்கு 7-க்கு அப்படி ஒன்று வந்தால் போடுவதற்கு அவர்களிடமிருந்து திருத்தமே வராது.

பழைய சர்வர்:
அதே கதையைத்தான் நானும் சொல்ல வந்தேன். திருத்தம் வந்தாலும் அந்த ஏழு மணி நேரத்துக்குள் போட ஆள் இருக்க வேண்டும். லைசென்ஸுக்குக் காசு இல்லை என்பதால் பராமரிப்புக்கும் காசு வேண்டாம் என்று நிர்வாகம் நினைத்துக்கொள்ளும். கடைசி ஸ்பிரிண்ட் முடிந்து நீங்கள் எல்லோரும் வேறு வேலைக்குப் போன பிறகு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிற புதுப் பதிப்பை ஏற்றப்போவது யார்? அவருக்குச் சம்பளம் ஒதுக்கியாயிற்றா?

வடகரை:
இன்னும் இல்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஸ்பிரிண்ட் பேச்சை எடுப்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்கப்போகிறேன்.