ஆள்காட்டிக் குருவிக்கும் ஆள்காட்டி விரலுக்கும் என்ன உறவு?

கண்மாய்க்கரை:
போன வாரம் ஊரில், ராத்திரி ஒன்பது மணி இருக்கும். வண்டியைக் கரையில் விட்டு வரப்பில் இறங்கினதும் தலைக்கு மேலே ஆள்காட்டி கத்த ஆரம்பித்துவிட்டது. கூட வந்த மகள், "அதுக்கு ஆள்காட்டி விரல் மாதிரி நீட்டு மூக்காப்பா?" என்று கேட்டாள். நான் முழித்தேன். எங்கள் அப்பத்தா ஆக்காட்டி என்றுதான் சொல்லும். எது சரி?

பழைய வாத்தியார்:
மூக்குக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை தம்பி. விரல் நீட்டி ஆளைக் காட்டும், இது கத்திக் காட்டும். அவ்வளவுதான். ஆக்காட்டி பேச்சில் மருவியது. யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான் சொல்வார்கள். அப்பத்தாவைத் திருத்தப் போகாதீர்கள்!

குறுந்தொகை 350ஆம் பாட்டைப் பாருங்கள். "நெடுங்கால் கணந்துள் ஆளறிவுறீஇ, ஆறுசெல் வம்பலர் படைதலை பெயர்க்கும்" என்று வரும். காட்டு வழியில் ஆள் இருப்பதை அறிவித்து, வழிப்போக்கர் கூட்டத்தைத் திரும்பிப் போக வைக்கிறதாம். மறைந்திருப்பவன் ஆறலைகள்வன், அதாவது வழிப்பறிக்காரன். கணந்துள் என்ற பெயர் பேச்சில் இன்று இல்லை. ஆனால் 'ஆளறிவுறீஇ' என்பதை இன்றைய தமிழில் சொல்லுங்கள், ஆள்காட்டிதானே? அந்தக் கணந்துள் இதுதான் என்பதற்கு எனக்கு இது போதும்.

முறம்:
மற்ற மொழிக்காரர்கள் பெரும்பாலும் அதன் சத்தத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். வடமொழியில் டிட்டிபம். ஆங்கிலேயர் காதில் 'டிட் ஹி டூ இட்' என்று விழுந்திருக்கிறது. நம் ஆட்கள் அது செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். அறிவியல் பெயரில் வரும் 'வனெல்லஸ்' லத்தீன் சொல், சின்ன முறம் என்று பொருள். அது இறக்கையடிப்பதைப் பார்த்தால் புரியும், புடைக்கிற மாதிரியே இருக்கும்.

அப்புறம், ராத்திரியில் அவ்வளவு கத்தினால் பக்கத்தில் முட்டை இருந்திருக்கலாம். கூடெல்லாம் கட்டாது. வெறுந்தரையில் கூழாங்கல்லோடு கல்லாக நாலு முட்டை இடும். பார்த்து மிதியுங்கள்.

கண்மாய்க்கரை:
ஐயா, பாட்டைப் படித்துக் காட்டினேன். "அப்போ நம்மளைத் திருடன்னு நெனச்சுக் கத்துச்சா?" என்கிறாள்.

காலையில் தூரத்தில் நின்றே பார்த்தோம். மஞ்சள் கால் நல்ல நீளம். சிவப்பு மூக்கு, நுனி மட்டும் கறுப்பு. குட்டை மூக்குதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.