புதுசாப் பூட்டின பிசி: பயோஸிலேயே 98 பாகை, பிறகு தானா நிண்டு போகுது. உதவி!

கொக்குவில்_பெடியன்:
வணக்கம். முதல் தரம் நானே ஒரு பிசி பூட்டுறன். புரொசசர் இன்ரெல் ஐ5 12400, கூலர் அதோட பெட்டிக்குள்ள வந்ததுதான். கேசிங்குக்குள்ள போட முதல் ஒருக்கா ஓட்டிப் பாப்பம் எண்டு, மதர்போர்ட் வந்த பெட்டிக்கு மேல போர்ட்டை வைச்சு, ராமும் பவர் சப்ளையும் மட்டும் குடுத்தனான். பயோஸ் (விண்டோஸ் போட முதலே வாற செற்றிங் திரை) வந்திட்டுது, சந்தோசம். ஆனா வெப்பநிலை 60இல துடங்கி, கண் முன்னாலயே ஏறி 98க்குப் போகுது. ரெண்டு மூண்டு நிமிசத்தில தானா நிண்டு போகுது. கூலர் ஃபான் நல்லாச் சுத்துது. அம்மாவின்ர மேசை ஃபானைக் கொண்டுவந்து நேரே பிடிச்சும் ஒரு பாகைகூடக் குறையேல்லை.

மத்தியானம், மேல சீற் கூரை, அறை 33 பாகை. இந்த வெக்கையாலதானோ, இல்லை புரொசசர் பழுதோ? கடைக்குத் தூக்கிக்கொண்டு போக முதல் கேக்கிறன்.

பனங்கொட்டை:
புரொசசருக்கும் கூலருக்கும் இடையில பூசுற பேஸ்ட் காணாது தம்பி. நல்லாத் தடிப்பாப் பூசிப் போட்டுத் திரும்பப் பூட்டும்.

பழைய_ரெக்னீசியன்:
பனங்கொட்டை அண்ணை, பேஸ்ட் எண்டது பாணுக்கு பட்டர் பூசுற மாதிரி இல்லை. ரெண்டு உலோகத்துக்கும் இடையில கிடக்கிற மயிரிழை இடைவெளியை நிரப்பத்தான் அது. தடிச்சாச் சூடு கடக்கக் கஷ்டப்படும். அந்தக் கூலரின்ர அடியில சாம்பல் நிறத்தில கோடு கோடாப் பேஸ்ட் பூசித்தான் வாறது.

தம்பி, மேசை ஃபான் விசயம் சொன்னது நல்லது. அதிலதான் விடை கிடக்கு. ஒண்டு செய்யும்: 90க்கு மேல போன உடன கூலரின்ர அலுமினியத் தகடுகளை விரலால தொட்டுப் பாரும் (ஃபான் இறக்கையில கையைக் குடுக்காதேயும்). சுடுதா, குளிரா?

கொக்குவில்_பெடியன்:
இப்பதான் பாத்தனான். சும்மா இளஞ்சூடு. அங்க 97 காட்டுது!

பழைய_ரெக்னீசியன்:
அப்ப புரொசசரிலயும் பிழையில்லை, வெயிலிலயும் பிழையில்லை. சூடு கூலருக்கு ஏறவே இல்லை. ஏறாத சூட்டை எந்த ஃபானாலயும் ஊதேலாது. ஒண்டில் அடியில பிளாஸ்ரிக் தாள் ஏதும் ஒட்டிக் கிடக்கு, இல்லாட்டி கூலரைப் போர்ட்டோட பிடிக்கிற நாலு மூலைப் பின்னில ஒண்டு சரியா இறங்கேல்லை. வயரைச் சுவரிலயிருந்து கழட்டிப் போட்டு போர்ட்டைத் திருப்பிப் பாரும். நாலு ஓட்டையிலயும் வெள்ளைப் பிளாஸ்ரிக் விரிஞ்சு, நடுவில கறுப்பு முனை வெளியில தெரியவேணும்.

கொக்குவில்_பெடியன்:
தாள் ஒண்டும் இல்லை. ஆனா அண்ணை, ஒரு மூலையில வெள்ளை அரைவாசிதான் வந்திருக்கு, கறுப்பைக் காணேல்லை. மேலயிருந்து பாத்தா நாலும் ஒரே மாதிரித்தான் கிடந்தது. அமத்தேக்க "டிக்" எண்டு சத்தமும் கேட்டது.

பழைய_ரெக்னீசியன்:
பெட்டிக்கு மேல வைச்சு அமத்தினனீர் எல்லோ? பின் அடியால வெளிய வரவேணும். கீழ மட்டை முட்டிக்கொண்டு நிண்டா எங்க வரும்? நானும் ஒருக்கா ஸ்பொஞ்சுக்கு மேல வைச்சு அமத்தி அரை நாள் மினக்கெட்டனான்.

இனிக் கவனமாச் செய்யும். பின் தலையை அம்புக்குறி காட்டுற பக்கம் திருகி மேல இழுத்தாக் கழரும். கூலரைக் கழட்டினாப் பழைய பேஸ்ட் சரிவராது, காத்துக் குமிழ் அகப்படும். ரெண்டு பக்கமும் துடைச்சுப் போட்டுப் புதுசா, கடலைப் பருப்பளவு நடுவில வையும். பூட்டேக்க பின் தலை எல்லாத்தையும் அம்புக்கு எதிர்ப் பக்கம் முழுக்கத் திருப்பி விடும். போர்ட்டின்ர ரெண்டு கரையையும் புத்தகத்தில தாங்கி, நடு அடி வெறுமையா இருக்கட்டும். குறுக்கு மறுக்கா அமத்தும்: ஒரு மூலை, பிறகு அதுக்கு எதிர் மூலை. ஒரே பக்கத்து ரெண்டையும் அமத்தினா மற்றப் பக்கம் எழும்பும்.

நல்லூர்_வாசி:
ஒரு சின்ன விசயம். துடைக்கிறதுக்கு ஃபாமசியில ஐசோபுரொப்பைல் அல்ககோல் எண்டே கேட்டு வாங்குங்கோ. சேர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலதில எண்ணெய் கலந்திருக்கும், காய்ஞ்சாலும் படலம் நிக்கும். 98 கண்டதுக்குப் பயப்பிடத் தேவையில்லை. 12400இன்ர எல்லை 100. அதை முட்டினா வேகத்தைத் தானே குறைக்கும், அதுக்கும் மேல போனாத்தான் நிப்பாட்டும். எரிஞ்சு போயிருக்காது. எண்டாலும் உப்பிடித் திரும்பத் திரும்ப ஒன் பண்ணிப் பாக்காதேங்கோ.

கொக்குவில்_பெடியன்:
பூட்டியாச்சு! பயோஸில 41இல நிக்குது. விண்டோஸ் போட்டு சினிபெஞ்ச் (புரொசசரை முழு மூச்சா ஓட்டிச் சோதிக்கிற மென்பொருள்) பத்து நிமிசம் ஓட்டினன், கூடினது 78. பிறகு கேசிங்குக்குள்ள வைச்சுப் பக்கப் பலகையைப் பூட்டினா 88க்கு ஏறுது. இது சரியோ?

பழைய_ரெக்னீசியன்:
ஆபத்தில்லை, ஆனா பத்துப் பாகை வித்தியாசம் கூடத்தான். ரெண்டு விசயம் பாரும். முன் ஃபான் காத்தை உள்ள இழுக்கிறதோ வெளிய தள்ளுறதோ? ஃபானைத் தாங்குற பிளாஸ்ரிக் சட்டம் தெரியிற பக்கத்தாலதான் வழமையாக் காத்து வெளிய போகும். ஒரு துண்டுக் கடதாசியைப் பிடிச்சாத் தெரியும். மற்றது பயோஸில பவர் லிமிற், அதாவது புரொசசர் எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் எண்ட எல்லை. இந்தப் புரொசசருக்கு அடிப்படை 65 வாட், கூடினது 117. சில போர்ட் கட்டுப்பாட்டை எடுத்துப்போட்டு 117க்குக் கிட்ட ஓடிக்கொண்டே இருக்க விடும். நீண்ட நேர எல்லையை 65இல வையும், படிப்புக்கும் விளையாட்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

நல்லூர்_வாசி:
முன்பக்கத்தில தூசி வலை இருந்தா மாசத்துக்கு ஒருக்காக் கழட்டித் தட்டுங்கோ. எங்கட பக்கத்துச் செம்மண் தூசி லேசில போகாது. பெட்டியைச் சுவரோட ஒட்டியும் வைக்காதேங்கோ, பின்னால ஒரு சாண் விடுங்கோ.

கொக்குவில்_பெடியன்:
முன் ஃபான் மறுவளமாத்தான் பூட்டியிருக்கிறன், ரெண்டு ஃபானும் வெளியதான் தள்ளியிருக்கு. திருப்பிப் போட்டு 65 வாட்டும் வைச்சாச்சு. பக்கப் பலகை பூட்டினபடி 74. எல்லாருக்கும் நன்றி. அம்மா மேசை ஃபானைத் திருப்பிக் கேட்டவ, குடுத்திட்டன்.

பனங்கொட்டை:
அந்த மிச்சப் பேஸ்ட்டை எறியாதேயும் தம்பி, என்ர பழைய பிசிக்குத் தாரும். கடலைப் பருப்பளவு போதும்.