கோத்தகிரி முதியோர் இல்லத்துக்குச் செவலையை அழைத்துப் போகலாமா?

கோத்தகிரி நடத்துநர்:
வணக்கம். மலைப்பாதையில் 31 வருடம் பஸ் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் செவலை என்று ஒரு நாட்டு நாய். மூன்று வயது, ஒரு காது மடிந்திருக்கும். எங்கள் தெருவுக்குக் கீழே ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அங்கே வெயில் காய உட்காரும் பாட்டி ஒருவர் தினமும் அதைக் கூப்பிட்டுத் தடவுவார். அதைப் பார்த்த மேலாளர், "வாரம் ஒரு நாள் உள்ளேயே கூட்டி வாருங்களேன், படுக்கையில் கிடப்பவர்களும் பார்க்கட்டும்" என்றார். போன வாரம் பெருமையோடு போனேன். வாசலைத் தாண்டியதும் குரங்குக் குல்லாயும் கம்பளியுமாக ஒரு தாத்தா சக்கர நாற்காலியில் எதிரே வந்தார். செவலை நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டு அப்படியொரு குரைப்பு குரைத்தது. வெட்கத்தோடு இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இதற்கென்று பழக்கும் முறை உண்டா? பரீட்சை, சான்றிதழ் எல்லாம் வேண்டுமா? அல்லது இந்த நாய் இதற்கு லாயக்கில்லை என்று விட்டுவிடலாமா?

குன்னூர் செவிலி:
ஐயா, செவலை மேல் குற்றமே இல்லை. முகத்தை மூடிய ஓர் உருவம் உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்தால் எந்த நாயும் திகைக்கும். பணி ஓய்வுக்குப் பின் ஏழு வருடம் என் லேப்ரடார் பொம்மியோடு இங்கே ஓர் இல்லத்துக்குப் போய்வந்தேன். அதுவும் முதலில் குல்லாயைப் பார்த்துத்தான் குரைத்தது.

குல்லாயைத் தரையில் போட்டு அதன் மேல் வேகவைத்த கோழித்துண்டு வையுங்கள். சில நாள் கழித்துக் கையில் வைத்துக்கொண்டு கொடுங்கள். பிறகு தலையில் போட்டு, முகம் தெரிய. கடைசியில் முகத்தை மூடி. நாற்காலியை இல்லத்திலிருந்தே கடன் வாங்கி முற்றத்தில் சும்மா நிறுத்துங்கள். அதன் அருகில் செவலை தானாகப் படுக்கும்வரை தள்ளாதீர்கள். தள்ளத் தொடங்கும்போது நாயைவிட்டு விலகிப் போகுமாறு தள்ளுங்கள், அடுத்து பக்கவாட்டில். எதிரே வருவதுதான் கடைசிப் பாடம். செவலைக்கு நீங்கள் அதை முதலிலேயே நடத்திவிட்டீர்கள். கைத்தடி கீழே விழும் சத்தத்துக்கும் இதே வழிதான்.

பரீட்சை பற்றிக் கேட்டீர்கள். செல்லப்பிராணிகளோடு மருத்துவமனை, முதியோர் இல்லம் என்று போய்வருபவர்களுக்காக அமெரிக்காவில் 1977இல் தொடங்கிய பெட் பார்ட்னர்ஸ் அமைப்பு நாயை மட்டும் சோதிப்பதில்லை, கூட வருபவரையும் சேர்த்து ஜோடியாகவே மதிப்பிடுகிறது. அவர்கள் விதிப்படி நாய்க்கு ஒரு வயதாவது ஆகியிருக்க வேண்டும். ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. பச்சை இறைச்சி தின்னும் நாய்க்கு அனுமதி இல்லை. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் 1989 முதல் நடத்தும் நல்ல நடத்தைச் சோதனையில் பத்துப் பகுதிகள். அதில் ஒன்றை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்: கயிற்றை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு மூன்று நிமிடம் மறைந்து நில்லுங்கள். செவலை பதறாமல் இருந்தால் நல்ல அறிகுறி.

ஆனால் உங்களுக்குத்தான் அதிகப் பயிற்சி தேவைப்படும். உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெள்ளை விழி தெரிய ஓரக்கண்ணால் பார்ப்பது, நனையாமலே உடம்பை உதறுவது - இவையெல்லாம் "போதும்" என்பதற்கு நாய் சொல்லும் சொற்கள். டிக்கெட் எடுக்காதவர் யார் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பீர்களே, அந்தக் கண் போதும்.

எனக்கு அது இருந்தும் தவறினேன். ஒரு கிறிஸ்துமஸ் நாள், இல்லம் நிறையக் கூட்டம், ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. பொம்மி உதட்டை நக்குவதைப் பார்த்தேன். இன்னும் ஒரு கட்டில்தானே என்று போனேன். அங்கிருந்த பாட்டி கழுத்தைக் கட்டிக்கொண்டார், பொம்மி உறுமிவிட்டது. கடிக்கவில்லை. ஆனாலும் பாட்டி கையை இழுத்துக்கொண்ட வேகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதிலிருந்து கடிகாரம் பார்த்து 40 நிமிடம்தான். நீங்கள் 10 நிமிடத்தில் தொடங்குங்கள்.

இன்னொன்று. "பாதம் கொடு" பழக்கியிருந்தால் மறக்கடித்துவிடுங்கள். வயதானவர்களின் தோல் காகிதம் போல. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நகம் பட்டால் லேசில் நிற்காது. நகத்தை வெட்டினால் மட்டும் போதாது, அரத்தால் மழுங்கத் தேய்க்க வேண்டும். அப்புறம் "விடு" என்றால் விட்டுவிட வேண்டும். கட்டிலுக்கு அடியில் எப்போதும் ஒரு மாத்திரை உருண்டு கிடக்கும். பேரன் வாங்கி வந்த ஊட்டிச் சாக்லேட்டைப் பாசத்தோடு நீட்டுபவர்களும் உண்டு. சாக்லேட் நாய்க்கு நஞ்சு. வர்க்கி பிஸ்கட்டையும் நாசூக்காக மறுத்துவிடுங்கள்.

ஊட்டி கால்நடை மருத்துவர்:
சுருக்கமாக: வெறிநோய்த் தடுப்பூசியும் எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் நடப்பில் இருக்க வேண்டும். தடுப்பூசி அட்டையின் நகல் இல்லத்தின் கோப்பில் இருக்கட்டும். குடற்புழு மருந்து, உண்ணி மருந்து எதையும் தவறவிடாதீர்கள். மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டத்து வழியாக நடந்து போனால் விரலிடுக்கில் அட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். ரத்தம் சொட்டும் காலோடு படுக்கையருகே போகக் கூடாது. போவதற்கு 24 மணி நேரத்துக்குள் குளிப்பாட்ட வேண்டும் என்பார்கள். நம் குளிரில் விடியற்காலையில் குளிப்பாட்டாதீர்கள். முதல் நாள் மதிய வெயிலில் குளிப்பாட்டித் துவட்டுங்கள். வாந்தி, பேதி, தோலில் புண் இருந்தால் அந்த வாரம் விடுமுறை.

வெலிங்டன் வாசகர்:
எல்லோரும் நாயின் பக்கமே பேசுகிறீர்கள். என் அப்பாவும் ஓர் இல்லத்தில்தான் இருக்கிறார். சிறுவயதில் நாய் கடித்து, குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டுக்கொண்டவர். இன்றைக்கும் நாயைக் கண்டால் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொள்வார். எழுந்து ஓட முடியாதவர் அறைக்குள் நாயைக் கொண்டுபோவது என்ன நியாயம்?

குன்னூர் செவிலி:
நியாயமான கேள்வி, தம்பி. 1907இலிருந்து பாஸ்டர் நிறுவனம் இருக்கும் ஊர் இது. அந்த ஊசிக் கதை இங்கே பாதி வீடுகளில் உண்டு. நாயை யார் யார் விரும்புகிறார்கள் என்று மேலாளரிடம் முதலிலேயே பட்டியல் வாங்க வேண்டும். பட்டியலில் இருப்பவரிடமும் வாசலில் நின்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். உங்கள் அப்பாவின் கதவு சாத்தியிருக்கட்டும், நாய் அந்தத் தாழ்வாரத்துக்கே வரக் கூடாது. "பயப்படாதீர்கள், கடிக்காது" என்ற வார்த்தையை மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். கடிபட்டவர் எல்லோரும் அதை ஒருமுறை கேட்டவர்கள்தான்.

கோத்தகிரி நடத்துநர்:
இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். நான் வீட்டுக்குள் குரங்குக் குல்லாயோடு திரிந்ததில் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நேற்று மூன்று மணிக்குப் போனோம். இருட்டினால் சிறுத்தை பயம், அதனால் சீக்கிரமே. நடந்துதான். என் பணிக்காலத்தில் எத்தனையோ பேரை நாயோடு பஸ்ஸில் ஏற்ற மறுத்தவன், எந்த முகத்தோடு கேட்பது?

பட்டியலில் ஆறு பேர். அந்தத் தாத்தாவும் ஒருவர், அவரே பெயர் கொடுத்தாராம். நாற்காலியை நகர்த்தாமல், குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். செவலை பக்கவாட்டில் போய்க் குல்லாயை நெடுநேரம் முகர்ந்தது, பிறகு அவர் முழங்காலில் தாடையை வைத்தது. தாத்தா ஒன்றும் பேசவில்லை, மடிந்த காதை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்தார். ஐந்தாவது நிமிடம் செவலை கொட்டாவி விட்டது. சிஸ்டர், நீங்கள் சொன்னபடி எழுந்துவிட்டேன். மற்ற ஐந்து பேருக்கு அடுத்த வாரம் என்று மேலாளரிடம் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒரே ஒரு சிக்கல். கிளம்பும்போது அது தாத்தாவுக்குப் பாதம் கொடுத்துவிட்டது. நகம் தேய்த்திருந்ததால் கீறல் இல்லை. இதை மறக்கடிப்பது எப்படி? கற்றுக்கொடுக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.