சத்தம் கூட்டினால் டர்ன்டேபிள் ஊளையிடுகிறது: கால் மாற்றினால் சரியாகுமா?

தேக்கு ஷோகேஸ்:
பழைய டைரக்ட் டிரைவ் (மோட்டாரே தட்டை நேராகச் சுற்றும்) டர்ன்டேபிள், அதாவது ரெக்கார்டு பிளேயர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ரப்பர் கால்கள் இறுகிப் போய்க் கல் மாதிரி இருக்கின்றன. ஒரு கால் இல்லவே இல்லை. அந்த மூலையில் அட்டையை நாலாக மடித்து வைத்திருக்கிறேன். ஹாலில் அப்பா காலத்து ஷோகேஸ் மேல் இருக்கிறது, இரண்டு ஸ்பீக்கரும் அதே ஷோகேஸில். வால்யூமைப் பாதி தாண்டினால் "ஊ..." என்று ஆரம்பித்து ஏறிக்கொண்டே போகிறது. அதே வால்யூமில் சிடி போட்டால் ஒன்றும் இல்லை. பையன் ஓடினால் முள்ளும் தாவுகிறது. கடைக்காரர் கூம்பு வடிவ பித்தளைக் கால் போடச் சொல்கிறார். வாங்கலாமா?

முள்காரன்:
இப்போதைக்குப் பணத்தை எடுக்காதீர்கள். தட்டைச் சுழல விடாமல், போனால் போகட்டும் என்கிற ரெக்கார்டு ஒன்றின் மேல் முள்ளை வைத்து, வால்யூமை மெதுவாக ஏற்றுங்கள். ஷோகேஸை விரலால் தட்டிப் பாருங்கள். முள்ளைத் தாங்கும் கையான டோன்ஆர்மைத் தொட்டதும் சத்தம் மாறினால் எர்த் வயரைப் பார்க்க வேண்டும், அது வேறு கதை.

தேக்கு ஷோகேஸ்:
தட்டினால் தவில் அடித்தது போல ஸ்பீக்கரில் கேட்கிறது! தட்டு நின்றபடியே ஊளையும் வந்துவிட்டது. டோன்ஆர்மைத் தொட்டால் மாற்றம் இல்லை.

ரசமட்டம்:
அப்படியென்றால் நோய் காலில் இல்லை தம்பி, ஷோகேஸில். முள் மைக் மாதிரி வேலை செய்கிறது. ஸ்பீக்கரின் அதிர்வு பலகை வழியாக முள்ளுக்குப் போய், ஆம்ப்ளிஃபயரில் பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கே வருகிறது. முதலில் ஸ்பீக்கர்களை இறக்குங்கள், செலவே இல்லை.

பித்தளைக் கூம்பு அதிர்வைத் தடுக்காது. டர்ன்டேபிளைப் பலகையோடு இன்னும் இறுக்கிக் கட்டும், அவ்வளவுதான். ஆடுகிற பலகையோடு கட்டி என்ன பயன்?

மெத்தென்ற காலிலும் ஒரு சிக்கல் உண்டு. அது ஸ்பிரிங் மாதிரி. தன் இயல்பான அதிர்வெண்ணைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேலே உள்ளதைத்தான் அது குறைக்கும். அந்த அதிர்வெண்ணிலேயே வருவதைப் பெருக்கிவிடும். காலடி அதிர்வு சில ஹெர்ட்ஸ்தான். டோன்ஆர்மும் அதன் நுனியில் முள் பொருத்திய கார்ட்ரிட்ஜும் சேர்ந்து ஆடுவது பொதுவாக 8 முதல் 12 ஹெர்ட்ஸில். அதனால் பையன் ஓடும்போது ரப்பர் கால் நிலைமையை மோசமாக்கவும் கூடும். அதற்கு மருந்து சுவர்தான். செங்கல் சுவரில் பிராக்கெட் அடித்து கடப்பா கல் பதியுங்கள். மறுபக்கம் சமையலறை மட்டும் வேண்டாம், மிக்ஸியும் கச்சேரியில் சேர்ந்துகொள்ளும்.

முள்காரன்:
கடப்பாவை வெறுமனே விட்டால் மணி மாதிரி கணகணக்கும். மேலே கனமான மரப்பலகை, இரண்டுக்கும் நடுவே ஸ்குவாஷ் பந்துகளைப் பாதியாக அறுத்து வையுங்கள். இரட்டை மஞ்சள் புள்ளி போட்ட பந்து நல்லது, கீழே போட்டால் அவ்வளவாகத் துள்ளாது. டென்னிஸ் பந்து வேண்டாம், கப்பல் மாதிரி ஆடும். சார்போத்தேன் (அதிர்வை உறிஞ்சும் ரப்பர் மாதிரியான பொருள்) வாங்குவதாக இருந்தால் டர்ன்டேபிளை எடை போட்டுவிட்டு அதற்கேற்றதை வாங்குங்கள். எடை குறைந்தால் அது கட்டையாக நிற்கும், கூடினால் நசுங்கும்.

தேக்கு ஷோகேஸ்:
பத்து நாள் ஆயிற்று. ஸ்பீக்கரை ஸ்டூலுக்கு மாற்றிய அன்றே ஊளை போய்விட்டது. கொத்தனார் கடப்பாவும் பதித்துவிட்டார், பையன் ஓடினாலும் முள் அசைவதில்லை. மோட்டார் பக்கம் பந்து அதிகமாக அமுங்கியது. அங்கே இன்னொரு அரைப்பந்து சேர்த்து ரசமட்டத்தில் சரிபார்த்தேன். ஒன்று மட்டும் பாக்கி: ஒரு ரெக்கார்டில் ஊஃபர் கோன் (ஸ்பீக்கரில் அடித்தொனி தரும் பெரிய கூம்பு) மெல்ல உள்ளே வெளியே போகிறது, சத்தமே இல்லை.

ரசமட்டம்:
அந்த ரெக்கார்டு வளைந்திருக்கும். 33⅓ சுற்றில் ஒரு வளைவு முள்ளின் கீழ் 1.8 நொடிக்கு ஒரு முறை வரும். கோன் அசைவை எண்ணிப் பாருங்கள், ஒத்துப் போனால் கால்மேல் பழி இல்லை. ஆம்ப்ளிஃபயரில் சப்சானிக் ஃபில்டர் (காதுக்குக் கேட்காத மெதுவான அதிர்வை வெட்டுவது) இருந்தால் போடுங்கள்.

தேக்கு ஷோகேஸ்:
எண்ணினேன் சார், ஒத்துப் போகிறது. ஃபில்டர் பட்டன் பின்பக்கம் இருந்திருக்கிறது!